இரணைமடுவின் அந்தியும் இரவல் ஒளியும்

இரணைமடுக் குளக்கட்டில் பொழுதுபடும் வேளையில் எடுக்கப்படும் மணமக்கள் படங்கள் விமர்சன நோக்குக்குரியவை. சூரியனைப் பின்னால் விட்டு நிற்பவரின் முகம் கருநிழலாகிவிடும். அக்குறையைப் போக்கவே, கமராவிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் நிறுத்தப்படும் மின்னொளி விளக்கு பயன்படுகின்றது. அதன் ஒளி கணப்பொழுதே நீடிப்பது. ஆதலால் 1/200 விநாடியளவான எல்லைக்குள் கமராவின் திறப்பு நேரத்தைக் குறைப்பின் வானம் இருளும்; முகத்தின் ஒளி குன்றாது.

இவ்வாற்றலே இடராகவும் முடிகின்றது. வான் மிகையாக இருண்டு முகத்தில் வெள்ளொளி பளிச்சிடுகையில், கனகராயன் ஆற்று நீரைத் தேக்கிக் கிளிநொச்சி வயல்களை வாழ்விக்கும் குளம், பழைய ஸ்ரூடியோக்களில் தொங்கிய சீலைத்திரையாகிவிடுகின்றது. அலைகரையில் நிற்கும் மீனவரும் அவ்விருளில் மறைகின்றனர்.

செயற்கை ஒளி குற்றமென்பதன்று இதன் பொருள். இலங்கை ஒளிப்படக் கலையின் முன்னோடியான லயனல் வென்ட் (1900–1944) இருட்டறையில் ஒளியையும் நிழலையும் துணிந்து மாற்றியவரே. மாற்றம் எதற்காக என்பதே வினா. விளக்கில் செம்மஞ்சள் தாள் பொருத்தி, சூரியன் சாயும் பக்கமாகவே நிறுத்தி, ஒளியை அடக்கினால் முகமும் நீரும் ஒரே அந்தியைப் பகிரும்.

2008, 2009 ஆம் ஆண்டுகளில் போரால் இடம்பெயர்ந்து மீளக் குடியமர்ந்த மக்களின் மண் இது. இங்கு எடுக்கப்படும் படம் அழகுக்கு மட்டுமன்றி, இவ்விடத்தில் வாழ்ந்தமைக்கும் சான்றாகும். இடத்தை இருளில் தள்ளும் ஒளி அச்சான்றையே அழிக்கின்றது.