ஓசி ரோடும் ஆறு லட்சமும்

போன வாரம் ஓமந்தூர் டீக்கடையில் ஒரு பெரியவர் என் மின்சார ஸ்கூட்டரைப் பார்த்துக் கேட்டார்: "பெட்ரோலும் போடறதில்ல, ரோட்டு வரியும் கட்டல. அப்ப ரோட்டுக்கு யாரு தம்பி காசு குடுக்கறது?" சிரித்து மழுப்பிவிட்டேன். கேள்வி மட்டும் கூடவே வந்தது.

அவர் சொன்னது சரிதான். பெட்ரோல், டீசல் மீதான செஸ்ஸில்தான் மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி ஓடுகிறது. எரிபொருள் வரி என்பது ஒருவகையில் கிலோமீட்டர் கட்டணம். அதிகம் ஓட்டுபவர் அதிகம் கட்டுகிறார். நான் அதில் இல்லை. விக்கிரவாண்டி டோலில் மின்சாரக் காராவது கட்டுகிறது, இருசக்கர வாகனத்துக்கு அதுவும் கிடையாது.

ஆனால் தமிழ்நாட்டில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கு. 2023 மின்வாகனக் கொள்கை 2025 டிசம்பர் 31 வரை 100 சதவீத சாலை வரி விலக்கு தந்தது. நானும் அதில் வாங்கியவன்தான். 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, ஒரு லட்சம் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 10 சதவீதம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20. அதாவது ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டருக்கு அரசு விட்டுக்கொடுத்தது 10,000 ரூபாய். 30 லட்ச ரூபாய் காருக்கு 6 லட்சம். அறுபது ஸ்கூட்டர்களுக்கான சலுகை ஒரே காருக்கு!

சாலைத் தேய்மானமோ விலையைப் பார்ப்பதில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாயில் நடந்த சோதனைகளிலிருந்து வந்த தோராய விதி: அச்சு எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பத் தேய்மானம் கூடும். ஆளோடு 200 கிலோ ஸ்கூட்டர், 1,600 கிலோ கார் என்றால் எடை 8 மடங்கு, தேய்மானம் 4,096 மடங்கு. அதே கணக்கில் லாரிக்கு முன்னால் கார் தூசு. ஆகவே எடைக்கட்டணம் பேசுகிறவர்கள் டீசல் லாரியை விட்டுவிட்டுப் பேச முடியாது.

நியூசிலாந்து 2024 ஏப்ரல் 1 முதல் மின்சாரக் கார்களிடம் 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர் வாங்குகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் 2021இல் இப்படி ஒன்று கொண்டுவந்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லையென்று 2023இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நமக்கு அந்தச் சிக்கல் குறைவு, வாகன வரி மாநிலப் பட்டியலில் இருக்கிறது.

என் கருத்து: விலக்கைக் கார்களிடமிருந்து முதலில் எடுக்கலாம், ஸ்கூட்டரிடம் கடைசியில். பிறகு எடையும் தூரமும் சேர்ந்த கட்டணம். அதற்கு ஜிபிஎஸ் வேண்டாம். ஆண்டுதோறும் காப்பீடு புதுப்பிக்கும்போது ஓடோமீட்டர் அளவைக் குறித்தாலே போதும். மீட்டரைத் திருத்துகிற ஆட்கள் இருப்பார்கள்தான். ஆனாலும், மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனாகச் சொல்கிறேன், நான் போகிற இடமெல்லாம் ஒரு சர்வரில் பதிவாவதைவிட அந்தக் கசிவு பரவாயில்லை.

அடுத்த முறை அந்தப் பெரியவரைப் பார்த்தால் மழுப்ப மாட்டேன். என் பங்கு கொஞ்சம்தான், ஆனால் பாக்கி இருக்கு என்று ஒத்துக்கொள்வேன்.