குகேஷுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்திருந்தால்?

2022 ஆகஸ்ட் 8, மாமல்லபுரம் பூஞ்சேரி. செஸ் ஒலிம்பியாட்டின் பத்தாவது சுற்று. இந்திய பி அணிக்கு எதிரே உஸ்பெகிஸ்தான். முதல் பலகையில் நல்ல நிலையில் இருந்த குகேஷ், கடிகாரம் நெருக்கிய நேரத்தில் தவறான நகர்த்தல் ஒன்றைச் செய்து அப்துசத்தோரோவிடம் ஆட்டத்தைப் பறிகொடுத்தார். பிரக்ஞானந்தா சிந்தாரோவை வீழ்த்தியதால் 2-2 என்று தப்பித்தோம். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெள்ளி ஆர்மேனியாவுக்கு, வெண்கலம் நமக்கு. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து மாறிப் போய்ப் பார்த்த எங்கள் பகுதிப் பிள்ளைகள் இன்றும் அந்த ஒரு நகர்த்தலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் பேச விரும்புவது, அந்த நாளுக்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவுகளைப் பற்றி.

ஒலிம்பியாட் அணியில் ஐந்து பேர். ஒரு சுற்றில் ஆடுவது நான்கு பேர். யார் வெளியே உட்காருவது என்பதை ஆடாத கேப்டன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டம் தொடங்கிய பின் டிரா கேட்கலாமா, ஏற்கலாமா, ஆட்டத்தை விட்டுக்கொடுக்கலாமா என்பதைத் தவிர அவர் எதுவும் சொல்லக் கூடாது. பலகையில் உள்ள நிலையைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. பலகை வரிசையையும் போட்டித்தொடர் தொடங்குமுன் கொடுத்தபடியே வைத்திருக்க வேண்டும். ஆக, பதினொரு சுற்றுகளிலும் கேப்டன் கையில் மிஞ்சுவது ஒரே அதிகாரம்: இன்று யாருக்கு ஓய்வு?

இதற்கு மிக நெருங்கிய விளையாட்டு அமெரிக்காவின் பேஸ்பால். அதிலும் பகடை உருட்டி ஆடும் ‘ஸ்ட்ராட்-ஓ-மேடிக்’. ஹால் ரிச்மன் 1961இல் சந்தைக்குக் கொண்டுவந்த அந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. பந்துவீச்சாளர் எப்போது களைப்படைவார் என்பதற்கும் கணக்கு உண்டு. பந்து எங்கே போகும் என்பது பகடையின் பாடு. ஆடுபவர் முடிவெடுக்க வேண்டியது, களைத்தவரை எப்போது மாற்றுவது, வெளியே காத்திருக்கும் மாற்றுப் பந்துவீச்சாளர்களில் யாரைக் களத்தில் இறக்குவது என்பதைத்தான். சிறந்தவரைக் கடைசிக்கென்று பொத்திப் பொத்தி வைத்துத் தோற்றவர்கள் பகடை மேசையில் மட்டுமில்லை, நிஜ மைதானத்திலும் இருக்கிறார்கள். 2016இல் பால்டிமோர் அணியின் ஸாக் பிரிட்டன் முன்னிலையைக் காக்க வந்த 47 வாய்ப்புகளில் 47இலும் காத்துக் கொடுத்தவர். அந்த அக்டோபரில் டொராண்டோவுடன் வாழ்வா சாவா ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ்வரை சமநிலை. முன்னிலை கிடைக்கட்டும் என்று மேலாளர் பக் ஷோவால்டர் பிரிட்டனைக் கடைசிவரை இறக்கவே இல்லை. அவருக்குப் பதிலாக உபால்டோ ஹிமினெஸ் வீசிய பந்தை டொராண்டோவின் என்கார்னாசியோன் எல்லைக்கு வெளியே அடித்தார். 5-2. பருவம் முடிந்தது.

மாமல்லபுரத்தில் பி அணியின் கேப்டன் ஆர்.பி.ரமேஷ் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. குகேஷ், நிஹால் சரீன், பிரக்ஞானந்தா, அதிபன், ரவுனக் சாத்வானி என்ற வரிசையில் கடைசி இருவருக்கும் சேர்த்து 14 ஆட்டங்கள் கொடுத்தார். எட்டாவது சுற்றில் அமெரிக்கா வந்தபோது அதிபனை உட்காரவைத்துவிட்டு ஐந்தாமவரான சாத்வானியை இறக்கினார். சாத்வானி டொமிங்கெஸை வென்றார், குகேஷ் கருவானாவை வென்றார், 3-1. ஐந்தாமவர் எளிய எதிரிக்கு மட்டுமே என்று எண்ணும் கேப்டனால் இதைச் செய்திருக்க முடியாது.

அதைவிட எனக்குப் பிடித்தது ஆறாவது சுற்று. ஐந்தாவதில் ஸ்பெயினை வென்றோம். ஆனால் பிரக்ஞானந்தா தோற்றிருந்தார். மறுநாள் எதிரே ஆர்மேனியா. அடுத்த நாள், ஆகஸ்ட் 4, எல்லோருக்குமே ஓய்வு நாள். ரமேஷ் ஆறாவது சுற்றில் பிரக்ஞானந்தாவை வெளியே வைத்தார். அந்தப் பதினாறு வயதுப் பையனுக்குத் தொடர்ந்து இரண்டு நாள் கிடைத்தது. விலை உடனே கட்ட வேண்டியிருந்தது. குகேஷ் சார்கிசியானை வென்றும், அதிபனும் சாத்வானியும் தோற்க, 1.5-2.5. அன்று மாலை பலரும் ரமேஷைக் குறை சொன்னால் அதில் வியப்பில்லை. ஆனால் கணக்கைக் கடைசிவரை பாருங்கள். ஒன்பதாவது சுற்றில் அஜர்பைஜானிடம் 2-2 என்று அணியைக் காப்பாற்றிய வெற்றி பிரக்ஞானந்தாவுடையது. பத்தாவதில் உஸ்பெகிஸ்தானிடம் காப்பாற்றியதும் அவரே. ஆர்மேனியாவிடம் இழந்ததை அந்த இரண்டு நாள் ஓய்வு திருப்பிக் கொடுத்தது என்றே நான் நம்புகிறேன்.

அப்படியானால் குகேஷுக்கு ஏன் கிடைக்கவில்லை? பதினொரு சுற்றிலும் அவரே முதல் பலகை. முதல் எட்டிலும் வெற்றி. அந்த ஓட்டத்தை நிறுத்த யாருக்குத்தான் மனம் வரும்? ஒன்பதாவதில் மமெத்யரோவுடன் டிரா, பத்தாவதில் அந்த வீழ்ச்சி. 11க்கு 9 புள்ளி, முதல் பலகைக்கான தனிநபர் தங்கம். களைப்பால்தான் தவறு வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது; கடிகாரத்தில் சில நொடிகளே இருந்தால் யார் கையும் நடுங்கும். இருந்தாலும் 4-0 என்று வென்ற முதல் சுற்றில், ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக, குகேஷ் வெளியே இருந்திருக்கலாம். அன்று நிஹால், பிரக்ஞானந்தா, அதிபன், சாத்வானி நால்வரே போதும். ஓடிக்கொண்டிருக்கும் குதிரையை நடுவில் நிறுத்துவது கடினம். தொடங்கும் முன் ஒரு நாள் தள்ளிப் போடுவது அத்தனை கடினமில்லை.

2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்திய அணியின் கேப்டன் ஸ்ரீநாத் நாராயணன் செய்தது இதைத்தான். முதல் சுற்றில் மொராக்கோவுக்கு எதிராகக் குகேஷுக்கு ஓய்வு. ஆட வந்தவர் ஹரிகிருஷ்ணா. அதற்குப் பிறகு குகேஷ் 10 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்தார். மாமல்லபுரத்தைப் போலவே பத்தாவது சுற்று முக்கியமாக அமைந்தது. எதிரே அமெரிக்கா. பிரக்ஞானந்தா வெஸ்லி சோவிடம் தோற்ற அன்று குகேஷ் கருவானாவை வீழ்த்தினார், அர்ஜுன் டொமிங்கெஸை வீழ்த்தினார், 2.5-1.5. தங்கம் வந்தது. அணி எடுத்த புள்ளிகள் 22க்கு 21.

அந்த அணியில் பிரக்ஞானந்தா 10, அர்ஜுன் 11, விதித் 10 ஆட்டங்கள் ஆடினார்கள். ஹரிகிருஷ்ணாவுக்குக் கிடைத்தவை மூன்றே. இந்தியாவின் முதல் பலகையில் பல காலம் உட்கார்ந்தவர், இளையவர்கள் மூச்சு வாங்குவதற்காக மூன்று முறை வந்து உட்கார்ந்தார். செங்கல்பட்டு மாவட்டப் பள்ளி அணிகளுக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஐந்தாவது பிள்ளையைத் தண்ணீர் பாட்டில் தூக்கவே கூட்டிப்போகும் ஆசிரியர்கள் அந்த மூன்று ஆட்டங்களையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டட்டும். அடுத்த போட்டியில் முதல் சுற்றிலேயே அந்த ஐந்தாவது பிள்ளையை ஆட விடட்டும்.