மூணு வருஷக் கணக்கு

தஞ்சை, நாகை வட்டாரத்தில் வட்டிக்குக் கொடுக்கிறவர்களுக்குப் படிக்காமலே தெரிந்த சட்டம் ஒன்று உண்டு: புரோநோட்டுக்கு மூணு வருஷம். கெடு முடிவதற்குள் கடன்காரரைப் பிடித்து, நோட்டின் பின்பக்கம் நூறோ இருநூறோ வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அன்றிலிருந்து மறுபடி மூணு வருஷம் ஓடும். விட்டுவிட்டால், ‘லிமிடேஷன் போயிடுச்சு சார்’ என்று வக்கீல் குமாஸ்தா கையை விரிப்பார். கொடுத்தவர் சுதாரிப்பாக இருந்திருக்க வேண்டும் என்பது இதன் நியாயம். கடன் விஷயத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளாகி, வளர்ந்தபின் நட்டஈடு கேட்டு வருகிற ஒருவருக்கும் இதே மூணு வருஷத்தைத்தான் நம் சிவில் சட்டம் அளந்து தருகிறது.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்ப்போம். அதன் அட்டவணையில் அவதூறுக்கு ஓர் இடம், பொய் வழக்குக்கு ஓர் இடம் என்று வரிசையாக உண்டு. 77ஆம் இனம் கவனிக்கத்தக்கது. ஒருவரது வேலையாளையோ மகளையோ இன்னொருவர் மயக்கிக் கெடுத்ததால், அந்த ஒருவர் இழந்த ஊழியத்துக்கு நட்டஈடு. கெடு ஒரு வருஷம். மகள் இங்கே தகப்பனுக்கு ஊழியம் செய்யும் உடல். இழப்பும் அவருடையதே. அந்த மகள் தன் இழப்பைச் சொல்லி வந்தால் அவளுக்கென்று தனி இனம் இல்லை. வேறெங்கும் இடம் சொல்லப்படாத வழக்குகளைப் போட்டு வைத்திருக்கும் 113ஆம் இனத்தில் போய் நிற்க வேண்டும். மைனர் என்பதற்காக 6, 8ஆம் பிரிவுகள் தரும் சலுகை, பதினெட்டு முடிந்து மூணு வருஷம். அதாவது 21 வயது. தாமதத்தை மன்னிக்கும் 5ஆம் பிரிவு தாவாவுக்குப் பொருந்தாது. கெடு தாண்டிவிட்டால் எதிராளி வாயே திறக்காவிட்டாலும் நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு.

மைனராக இருக்கும்போதே வேறொருவர் மூலமாக வழக்குப் போடலாமே என்பார்கள். யார் அந்த வேறொருவர்? அப்பா, சித்தப்பா, விடுதிக் காப்பாளர். செய்தவரோ மூடி மறைத்தவரோ பல நேரம் அவர்தான்.

நாகையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 அன்று ஆறு வயதில் பெற்றோரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஏதோ ஓர் இல்லத்தில் வளர்ந்த குழந்தையை வச்சுக்குவோம். எந்த இல்லத்தின் மீதும் இது குற்றச்சாட்டு அல்ல, வெறும் கணக்கு. 2016இல் பதினெட்டு, இல்லத்தை விட்டு வெளியேறும் வயது. அடுத்த மூணு வருஷத்தில் தங்க இடம், வேலை, ரேஷன் கார்டு எல்லாம் தேட வேண்டும். அதற்குள்ளாகவே தனக்கு நடந்ததற்கு வார்த்தை தேடி, வக்கீலைத் தேடி, சோறு போட்ட இடத்தின் மீதே தாவா போட வேண்டும். 2019இல் கதவு சாத்தியாயிற்று.

கணக்கை விட்டு நடந்ததற்கு வருவோம். மாமல்லபுரத்து அனாதை இல்லங்களில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாவதாக வந்த பத்திரிகைக் கட்டுரை ஒன்றை வைத்து, 2007இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு பதிவாயிற்று. நீதிபதி மதன் பி. லோகூர் அமர்வின் தீர்ப்பு வந்தது 2017 மே 5இல். இல்லங்களைப் பதிவு செய்ய வேண்டும், குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று நல்ல உத்தரவுகள் அதில் உண்டு. ஆனால் வழக்குப் பதிவானபோது பதினோரு வயதாக இருந்த ஒரு குழந்தைக்குத் தீர்ப்பு வந்தபோது இருபத்தொன்று. உச்ச நீதிமன்றத்துக்கே பத்து வருஷம் பிடித்த விஷயத்தில் அந்தக் குழந்தைக்கு மூணே வருஷம்.

‘அதான் போக்சோ இருக்கே’ என்ற பதில் தயாராக இருக்கிறது. சென்னையில் சிறுவயதில் துன்புறுத்தலுக்கு உள்ளாகிக் கனடாவில் வாழும் விஞ்ஞானி ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தபின் புகார் கொடுக்க முயன்று, முடியாமல், இயக்கமாகவே எடுத்துப் பேசினார். போக்சோவில் புகார் கொடுக்கக் காலவரம்பு இல்லை என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. நல்லது. ஆனால் அந்தச் சட்டம் 2012 நவம்பர் 14க்குப் பின் நடந்தவற்றுக்குத்தான். 2019இல் அதில் மரண தண்டனையையும் சேர்த்தார்கள். நம்மில் பலரும் கை தட்டினோம். குற்றவியல் சட்டம் ஒரு ஆளைப் பிடித்து, அவனை மிருகம் என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடுகிறது. அவனை வேலைக்கு வைத்தது யார், தெரிந்தும் இன்னொரு ஊருக்கு மாற்றியது யார், அந்த நிறுவனத்தின் சொத்து எவ்வளவு என்ற கேள்விகள் சிவில் தாவாவில்தான் முழுசாக எழும்பும். போக்சோ வழியாக வரும் நிவாரணமோ அரசுப் பணம்; நிறுவனத்தின் கல்லாவிலிருந்து ஒரு காசு போகாது.

காலம் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தானே ஓடுகிறது என்றால், அதுவும் இல்லை. அரசு தாவா போட முப்பது வருஷம். அறக்கட்டளைச் சொத்தை அதன் பொறுப்பாளரிடமிருந்து மீட்க, 10ஆம் பிரிவின்படி கெடுவே இல்லை. கோயில் நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டமே பொருந்தாது என்கிறது தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109ஆம் பிரிவு. ஏன்? சாமி தனக்காகத் தானே பேச முடியாது, பேச வேண்டிய அறங்காவலரே திருடியிருக்கலாம் என்பதால். நியாயம்தான். அதே நியாயம் காப்பாளர் கையில் விடப்பட்ட குழந்தைக்கு மட்டும் ஏன் இல்லை? டெல்டாவில் ஒரு மா நிலத்துக்குக் கிடைக்கிற நீண்ட ஞாபகம் ஓர் உடலுக்குக் கிடைக்கவில்லை.

காலவரையறை எளியவர்களையும் காக்கிறது என்ற வாதத்தை ஒதுக்கிவிடக் கூடாது. பழைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடமிருந்து பன்னிரண்டு வருஷம் அனுபவித்தவரைக் காப்பதும் இதே சட்டம்தான். சாட்சி சாகும், ஞாபகம் மங்கும் என்பதும் உண்மை. ஆனால் கெடுவை எடுத்துவிட்டால் நிரூபிக்கும் பொறுப்பு போய்விடாது. அது வாதியின் தலையில்தான் இருக்கும். சாட்சி போதாவிட்டால் தோற்கட்டும். கேட்காமலே தோற்கடிப்பது வேறு.

வெளியிலும் இது ஒரே நாளில் மாறவில்லை. நடந்ததற்கும் தன் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை உணர்கிறபோதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1992இல் சொன்னது. பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1993இல் கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, 2008இல் தானே திறந்தது. நியூயார்க் மாநிலம் 2019 ஆகஸ்டில், காலாவதியான வழக்குகளுக்கும் ஒரு வருஷம் வாசலைத் திறந்து, பிறகு 2021 ஆகஸ்ட் வரை நீட்டியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் வந்தன. அத்தனை பேரும் அதுவரை ‘சுதாரிப்பில்லாதவர்கள்’தானா?

இங்கேயும் வழி இருக்கிறது. காலவரையறை அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ள விஷயம். கோயில் நிலத்துக்கு விலக்குத் தந்த சட்டமன்றம், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு, குழந்தைக்கும் தரலாம். கெடு தாண்டியவர்களுக்கு நியூயார்க் போல ஒரு வாசலையும் திறக்கலாம். தூக்கு கேட்டு ஊர்வலம் போன நம் அமைப்புகளில் எது இதைத் தன் கோரிக்கைப் பட்டியலில் எழுதியிருக்கிறது? நாம் நடத்துகிற விடுதிகள் மீதும், நம் குடும்பங்கள் மீதும் அந்தத் தாவா வரலாம் என்கிற தயக்கமா? அப்படியானால் அதை முதலில் நமக்குள் பேசியாக வேண்டும்.