அழியும் எழுத்தும் இலக்கியத் திறனாய்வும்: கொல்கத்தாச் சுவரெழுத்துகளை முன்வைத்து

பானையோட்டுக் கீறல்களையும் கல்வெட்டுகளையும் அரிய சான்றுகளாகப் போற்றும் தமிழ் ஆய்வுலகம், தெருச்சுவரில் எழுதப்படுவதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. சுண்ணாம்பு பூசினால் மறைந்துவிடும் எழுத்து இலக்கியத் திறனாய்வுக்கு உரியதாகுமா என்னும் வினாவிற்குக் கொல்கத்தாச் சுவர்கள் விடை தருகின்றன.

1960களில் வியட்நாம் போரை எதிர்த்து அந்நகரில் எழுந்த முழக்கம், 'என் பெயரும் உன் பெயரும் வியட்நாம்' என்னும் பொருளுடையது. வங்கமொழியில் பெயரைக் குறிக்கும் 'நாம்' என்னும் சொல், 'வியட்நாம்' என்பதன் ஈற்றோடு இயைகிறது. தமிழ் யாப்பிலக்கணம் இதனை இயைபுத் தொடை என்னும். தொலைவிலுள்ள நாட்டை உறவாக்குவது இங்கு வாதமன்று, தொடையே ஆகும்.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் நக்சல்பாரி இயக்கத்தினர், சீனத் தலைவர் மாவோவே தம் தலைவர் என்று சுவர்களில் எழுதினர். இதில் அணிநயம் ஏதுமில்லை. அடக்குமுறைக்கு இடையே எழுதப்பட்டது என்பதே இதன் ஆற்றல். எனவே, சொல்லை மட்டும் படியெடுத்து ஆராய்வது இவ்வகை எழுத்திற்குப் போதாது. எழுதிய காலமும் இடமும் பனுவலின் உறுப்புகளே எனலாம்.

தேர்தல் சுவரெழுத்துகளில் கேலிப்பாட்டும் கேலிச்சித்திரமும் இணைந்து வருகின்றன. 2006ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டால் இவை பெரிதும் குறைந்தன. பின்னர் மீண்டும் தழைத்தன. 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் திரிணாமுல் காங்கிரசார் எழுதிய 'கேலா ஹோபே' (ஆட்டம் நடக்கும்) என்னும் தொடர், அழைப்பாகவும் அறைகூவலாகவும் அச்சுறுத்தலாகவும் பொருள்படும் தன்மையது. இப்பொருள் மயக்கமே அதன் வலிமையும் குறையுமாகும்.

எனினும், சுவரை மக்களின் கட்டற்ற குரல் எனப் போற்றிவிடுதல் பொருந்தாது. கட்சிகள் முன்கூட்டியே வெள்ளையடித்துத் தம் பெயரெழுதிச் சுவரைக் கைப்பற்றிக்கொள்கின்றன. ஆகவே, எழுதப்பட்டதோடு, எழுத இடம் பெறாதவர் யாவர் என்பதும் ஆராயப்பட வேண்டும்.

இலங்கையின் சிகிரியாவில் பார்வையாளர்கள் சுவரில் கீறிச்சென்ற 685 பாடல்களைச் செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். வழிப்போக்கர் கிறுக்கல் எனத் தள்ளத்தக்கவை, சிங்கள இலக்கிய வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாயின. அங்குக் காப்பாற்றியது பளிங்கு போன்ற சுவர், தெருச்சுவருக்கு அவ்வாய்ப்பில்லை. தமிழகச் சுவரெழுத்துகளையும் இடம், நாள், எழுதிய தரப்பு ஆகிய குறிப்புகளோடு தொகுப்பது காலத்தின் தேவையாகும். அடுத்த தேர்தலின் வெள்ளையடிப்பு ஆய்வாளருக்காகக் காத்திருப்பதில்லை.