கடன் பத்திரம் யார் கையில்? கெய்ன்ஸின் ஒரு சின்னப் புத்தகம்

அரசு கடன் வாங்கிச் செலவு செய்வது நல்லதா கெட்டதா என்றுதான் பெரும்பாலும் சண்டை போடுகிறோம். அந்தக் கடன் பத்திரம் கடைசியில் யார் கையில் இருக்கு என்று கேட்பது இன்னும் பயனுள்ளது. கெய்ன்ஸ் 1940-ல் எழுதிய 'ஹவ் டு பே ஃபார் தி வார்' இதைத்தான் கேட்கிறது.

கெய்ன்ஸ் என்றாலே "பற்றாக்குறை பட்ஜெட் போடு, வேலை பெருகும்" என்றவர் என்ற எண்ணம் நமக்கு. ஆனால் அது ஆலைகள் சும்மா கிடக்கும் காலத்துக்கான வைத்தியம். போர்க்காலத்தில் எல்லோருக்கும் வேலை இருக்கு, சம்பளமும் ஏறுது. கடையில் சரக்கு மட்டும் ஏறாது. கூடுதல் உழைப்பு விமானத்துக்கும் குண்டுக்கும் போய்விடுகிறது. அதனால் விலை ஏறும், லாபம் ஏறும். அந்த லாபத்தில் கொஞ்சத்தை அரசு வரியாக எடுக்கும், மீதியைக் கடனாக வாங்கும். போர் முடிந்ததும் முதலாளி கையில் வட்டி தரும் பத்திரம். ஓவர்டைம் பார்த்த தொழிலாளி கையில்? ஒன்றுமில்லை.

இதற்கு அவர் சொல்லும் வழி: சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டாயமாகப் பிடித்து, தொழிலாளி பெயரிலேயே வரவு வைத்து, போருக்குப் பின் வட்டியோடு கொடுப்பது. அதற்கான பணம் சொத்து மீதான வரியிலிருந்து வரணும். கூடவே குழந்தைகளுக்கு உதவித்தொகை, மலிவு விலையில் அத்தியாவசியப் பொருட்கள்.

நோயைக் கண்டுபிடித்ததில் எனக்கு மறுப்பு இல்லை. மருந்தில்தான் ஓட்டை. 1941 பட்ஜெட்டில் நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட் இத்திட்டத்தைச் சுருக்கி ஏற்றார். வருமான வரியும் பவுண்டுக்கு 10 ஷில்லிங் ஆனது. சொத்து வரி மட்டும் வரவேயில்லை. போருக்குப் பின் மந்தம் வரும், அப்போது பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் சந்தைக்கும் நல்லது என்று கெய்ன்ஸ் கணக்குப் போட்டிருந்தார். மந்தமும் வரலை. 1946-ல் 65 வயதான ஆண்களுக்கும் 60 வயதான பெண்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். முழுசாகக் கொடுத்து முடிக்க 1970-கள் ஆகிவிட்டது. அதற்குள் அந்தப் பணத்தின் மதிப்பைப் பணவீக்கம் தின்றுவிட்டது. விலையேற்றம் தொழிலாளியைச் சுரண்டும் என்று இவ்வளவு தெளிவாகப் பார்த்தவர், விலையோடு சேர்ந்து ஏறாத ஒரு தொகையை அவர்களுக்கு வாக்களித்தார் என்பதே என் விமர்சனம்.

ரீகன் காலத்தோடு வைத்துப் பார்த்தால் புத்தகத்தின் எல்லையும் தெரியும். 1980-களில் அமெரிக்க ராணுவச் செலவு ஏறியது, உச்ச வருமான வரி 70 சதவீதத்திலிருந்து 28-க்கு இறங்கியது, அரசுக் கடன் சுமார் 90 ஆயிரம் கோடி டாலரிலிருந்து 2.9 லட்சம் கோடி டாலருக்குப் போனது. ஆனால் பணவீக்கம் குறைந்தது! ஆக, கெய்ன்ஸ் சொன்ன விலைவாசி வழி இங்கே பொருந்தாது. பத்திர வழி பொருந்தும்: வரியாகப் போயிருக்க வேண்டிய பணம் கடனாகப் போனால், கொடுத்தவருக்கு வட்டியோடு திரும்பி வரும். பத்திரங்களில் ஒரு பங்கு வெளிநாட்டவரிடமும் ஓய்வூதிய நிதிகளிடமும் இருந்தது, அதனால் எல்லா வட்டியும் பணக்காரருக்கே போனது என்றும் சொல்ல முடியாது.

பட்ஜெட் செய்தியில் பற்றாக்குறை இத்தனை சதவீதம் என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். வட்டிச் செலவு எவ்வளவு, அது யாருக்குப் போகுது, அதைக் கட்டும் வரி யாரிடமிருந்து வருது என்று அடுத்த மூன்று கேள்விகளையும் கேட்கப் பழக்கும் புத்தகம் இது. படித்துப் பாருங்கள்.