திறக்காத குப்பி

பழைய சென்ட் குப்பிகளையும் பவுடர் டப்பிகளையும் தேடித் தேடிச் சேர்ப்பவர்களைக் கண்டு சிரிப்பது சுலபம். நான் சிரிக்க மாட்டேன். செல்லரித்த புஸ்தகங்களை வீடு நிறையச் சேர்த்து வைத்திருப்பவனுக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஆனால் அவர்கள் உலகத்தில் வழங்கும் ஒரு தராசு எனக்கு உடன்பாடில்லை. தொடாத பொருளுக்கு மதிப்பு அதிகம், தொட்டதற்குக் குறைவு என்பதுதான் அந்தத் தராசு.

நெடுங்காலம் பிரான்ஸில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர் சமீபத்தில் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். இரண்டும் காலமான அவருடைய மனைவியின் உடைமைகள். ஒன்று, பிரிக்காத பழைய 'மித்ஸுகோ' சென்ட். மற்றொன்று, அந்த அம்மாள் தினமும் கைப்பையில் வைத்திருந்த பவுடர் டப்பி. குப்பியை அப்படியே வைத்திருந்தால் நல்ல விலை போகும் என்றும், டப்பியைப் பவுடர் போகத் துடைத்தால்தான் எடுபடும் என்றும் ஒரு வியாபாரி சொன்னாராம்.

"நீங்களே சொல்லுங்கள் ஸார், திறக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

குப்பியே கலைப்பொருளாக இருப்பதும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1908 வாக்கில் ஃபிரான்ஸ்வா கோத்தி என்ற சென்ட் வியாபாரிக்காக ரெனே லாலீக் செய்யத் தொடங்கிய குப்பிகள் சிற்பங்கள்தாம். உள்ளே ஒரு துளி இல்லாவிட்டாலும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மித்ஸுகோவின் கதை வேறு. தலைகீழான இதயம் போன்ற மூடியுள்ள இந்தக் குப்பியில், கெர்லேன் கம்பெனி 1912லேயே 'லெர் ப்ளூ' என்ற வேறொரு வாசனையை விற்றது. ஒரே அட்டைக்குள் இரண்டு நாவல்கள் இருந்தால், அட்டையை மட்டும் பார்ப்பவன் எதைப் படித்ததாகச் சொல்லிக்கொள்வான்?

நாவல் என்று சொன்னது வெறும் உவமைக்காக அல்ல. ஜாக் கெர்லேன் 1919ல் இந்த வாசனையைப் படைத்தபோது, க்ளோட் ஃபாரேர் 1909ல் வெளியிட்ட நாவலின் ஜப்பானியக் கதாநாயகியின் பெயரையே இதற்கு வைத்தார்கள். வாசனையின் போக்கும் கதையின் போக்குதான். எலுமிச்சை ஜாதியைச் சேர்ந்த பெர்கமாட் பழத்தோலின் எண்ணெய் முதலில் வந்து, சற்று நேரத்தில் விடைபெற்றுப் போய்விடும். பிறகு ரோஜா, மல்லிகை, அவற்றோடு ரசாயன சாலையில் உண்டாக்கிய பீச் பழ வாசனை. கடைசியில் மணிக்கணக்காகத் தங்குவது ஓக் மரத்துப் பாசி. நம் வீட்டு மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அதன் குடும்பத்தைச் சேர்ந்தது அது. கனிந்த பழமும் ஈரக்காடும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்பதில்தான் இந்தப் படைப்பின் சிறப்பு இருக்கிறது. தித்திப்பிலேயே முடிந்திருந்தால் இதை யாரும் நூறு வருஷம் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பாசியிலுள்ள இரண்டு பொருள்கள் சிலருடைய தோலுக்கு ஒவ்வாதவை என்று ஐரோப்பிய யூனியன் 2017ல் அவற்றுக்குத் தடை விதித்தது. இன்று கடையில் கிடைக்கும் மித்ஸுகோ அந்தத் தடைக்கு உட்பட்டுத் தயாரானது. ஆகவே பழைய குப்பியைத் தேடுகிறவர்களின் ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேடிப் பிடித்ததை மூடியே வைத்திருப்பதில் என்ன நியாயம்? மூடி போட்டதனால் காலம் வெளியே காத்துக்கொண்டு நிற்பதில்லை. வெளிச்சமும் உஷ்ணமும் உள்ளே போய் வேலை செய்கின்றன. பெர்கமாட்தான் முதலில் கெடும். வருஷங்கள் போகப் போக, முதல் அத்தியாயம் கிழிந்துபோன நாவலைத்தான் பூட்டிவைத்துக் காக்கிறோம்.

வெர்ஸேல்ஸ் நகரில் 1990ல் ஆரம்பித்த 'ஆஸ்மோதெக்' என்ற வாசனைக் காப்பகம் இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறது. மறைந்துபோன வாசனைகள் பலவற்றை மூலக் குறிப்புப்படி மறுபடியும் செய்து, ஆர்கான் வாயுவால் காற்றைத் தடுத்து, 12 டிகிரிக் குளிரில் வைக்கிறார்கள். முக்கியமான விஷயம், வருகிறவர்களுக்குக் காகிதப் பட்டையில் தோய்த்து முகரக் கொடுக்கிறார்கள். பாதுகாப்பது அனுபவிப்பதற்காகத்தான் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

பவுடர் டப்பிக்கும் இதே நீதிதான். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் ராணுவத் தொப்பியின் வடிவத்தில் டப்பிகள் செய்து விற்றார்கள். சிப்பாய்கள் அவற்றைக் காதலிகளுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட டப்பி ஒன்று புத்தம் புதிதாகவே இன்று கிடைத்தால், சேகரிப்பவர் மகிழ்ந்து போகிறார். எனக்கோ, அதை வாங்கியவள் ஏன் ஒருநாள்கூடத் திறக்கவில்லை என்ற கவலை வருகிறது. ஓரம் தேய்ந்த டப்பியில் ஒரு கை தெரிகிறது. தேயாததில் கடைதான் தெரிகிறது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு குப்பியின் கழுத்திலிருந்த நூலை அறுத்து, மூடியைத் திருகினார். முதலில் வந்த நெடி நன்றாக இல்லை. கால் மணி கழித்து அவருடைய மணிக்கட்டிலிருந்து பீச்சும் பாசியும் மெல்ல எழுந்தன. பழசுதான், ஆனால் உயிர் இருந்தது.

"நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று வைத்திருந்தாள்" என்றார்.

டப்பியை அவர் துடைக்கவில்லை. பவுடரோடு அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.