பத்து மார்க் நோட்டில் ஒரு மணி

ஜெர்மனியின் பழைய பத்து மார்க் நோட்டை என்னால் பணமாக மட்டும் பார்க்க முடிந்ததில்லை. 1991-ல் புழக்கத்துக்கு வந்த நோட்டு அது. வலப்பக்கம் கணிதமேதை கௌஸ். அவருக்கு இடப்பக்கம், கோட்டிங்கன் நகரக் கட்டடங்களின் மேல், கவிழ்த்து வைத்த கோயில் மணி போல ஒரு வளைகோடு. அதோடு அதன் சூத்திரமும். இயல்நிலைப் பரவல்!

ரொட்டி வாங்க நீட்டும் தாளில் நிகழ்தகவுச் சூத்திரத்தை அச்சிட்ட நாட்டை எப்படி மெச்சாமல் இருப்பது?

அந்த மணி எங்கிருந்து வருகிறது என்பதைக் கையில் பத்து நாணயங்கள் இருந்தால் பார்த்துவிடலாம். பத்தையும் சுண்டினால் 1024 விதமாக விழலாம். பத்தும் தலையாக விழ ஒரே வழி. ஐந்து தலை, ஐந்து பூ விழ 252 வழிகள். இந்த எண்ணிக்கைகளை வரிசையாக வரைந்தால் நடுவில் மேடு, ஓரங்களில் படிக்கட்டாய்ச் சரிவு. நாணயங்களைக் கூட்டக் கூட்ட, படிக்கட்டு மழுங்கி வழவழப்பான மணியாகிறது. இதை 1733-லேயே கண்டவர் கணிதர் டி மாய்வர். வானியல் அளவீடுகளில் நேரும் பிழைகளும் இப்படியே பரவுகின்றன என்று 1809-ல் எழுதியவர் கௌஸ்.

நோட்டின் பின்புறத்தில் அவர் செய்த நில அளவையின் முக்கோண வலை. அளக்கும்போது பிழை வரத்தானே செய்யும். அந்தப் பிழைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று முன்புறம் சொல்கிறது. இரண்டு பக்கமும் பொருந்திய இந்த அழகுதான் எனக்கு மிகப் பிடித்தது.

யூரோ வந்ததும் நோட்டு விடைபெற்றது. ஜெர்மன் மத்திய வங்கி இன்றும் அதை வாங்கிக்கொண்டு 5.11 யூரோ தருகிறது. உங்களிடம் ஒன்று இருந்தால், மாற்றிவிடாதீர்கள்.